கட்டப்பட்ட ஆண்டு: தெரியவில்லை

1

நான் பிழைக்க வந்த ஊரில் ஒரு கட்டடத்துக்கு ஐம்பது வயது நிறைந்தால் அதைப் பற்றிப் படிவம் நிரப்புகிறார்கள். மனிதனுக்கு ஐம்பது நெருங்கினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு நாற்பத்தெட்டு, அனுபவத்தில் சொல்கிறேன்.

ஊர் கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொள்ளும் நண்பர்கள் மன்னிக்கவும். இங்கே உயரமாக நிற்பவை தண்ணீர்த் தொட்டியும் தானியக் கிடங்கும்தான். கோடை முடிவில் திராட்சையைப் பறித்து, கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்துக் காயப்போடுவார்கள். ஊரே இனிப்பாகவும் கொஞ்சம் புளிப்பாகவும் மணக்கும். நான் பாசன வாய்க்கால்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மயிலாப்பூரில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு வளர்ந்த ஒருவனை நம்பி ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். துணிச்சலான தேசம்.

காருக்கு ஒரு கொட்டகை போட அனுமதி கேட்டு நகரமன்றத்துக்குப் போனவன், சுவரில் மாட்டியிருந்த பழைய கட்டடங்களின் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் ரயில் நிலையம் தண்டவாளத்திலிருந்து ஒரு தெரு தள்ளி நின்றது. பயணிகளுக்குச் சிரமமாயிற்றே என்று வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். நம்மூரில் தப்பைச் சுட்டிக்காட்டுகிறவனை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். இங்கே அந்தத் தப்பைத் திருத்தும் வேலையை அவன் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். கொட்டகைக்கு அனுமதி கிடைக்கவில்லை. பழங்கட்டடக் காப்புக் குழுவில் உறுப்பினராகி வீடு திரும்பினேன்.

குழுவில் ஏழு பேர். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கூடுவோம். காபி உண்டு, சம்பளம் இல்லை. என் முதல் வேலை, அறுபது வயதான ஓர் உலர்திராட்சைக் கொட்டகையை ஆய்வு செய்து படிவம் நிரப்புவது. மற்றவர்கள் அதைத் தொல்பொருளைப் பார்ப்பது போல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கள் மயிலாப்பூர்ப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் அதைவிட வயதானவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பாதுகாக்க யாரும் குழு அமைத்ததில்லை. பாடாமல் நிறுத்தத்தான் முயன்றோம்.

2

சென்ற இலையுதிர் காலத்தில் திருமதி அராக்சி குழுவுக்கு விண்ணப்பம் போட்டார். ஆர்மீனியப் பெண்மணி, எண்பதை நெருங்குகிறவர். திராட்சைத் தோட்டக்காரரான கணவர் போன பிறகு, பெரிய மரவீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டின் முன்னால் கடைசல் தூண்கள் நிறுத்திய அகலமான தாழ்வாரம். ஊரின் அழகான தாழ்வாரங்களில் ஒன்று என்று எங்கள் பட்டியலே சொல்கிறது. அவர் கேட்டது, அந்தத் தாழ்வாரத்தின் பாதியை அடைத்து ஒரு குளியலறை கட்டிக்கொள்ள அனுமதி. வீட்டில் இருக்கும் ஒரே குளியலறை, கழிப்பறை உட்பட, மாடியில் இருந்தது.

அறிக்கை எழுத என்னை அனுப்பினார்கள். திருமதி அராக்சி ஆப்ரிகாட் பழ ஜாம் தடவிய ரொட்டி கொடுத்தார். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் வரலாறுதான் இருந்தது. எங்கள் ஊரில் பரங்கிமலை என்று ஒன்று உண்டு, அதன் உச்சியிலிருக்கும் மாதா கோயிலுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே படிக்கட்டு கட்டிக் கொடுத்தவர் ஓர் ஆர்மீனிய வணிகர் என்றேன்.

அவர் சொன்னார். "என் ஆட்கள் உங்களுக்குப் படி கட்டினார்கள். நான் படி ஏறாமல் இருக்க நீங்கள் ஒரு வழி செய்யுங்கள்."

நான் சிரித்தேன். ஜாம் அருமை என்றேன். வீட்டுக்கு வந்து, தாழ்வாரத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்று மூன்று பக்கம் எழுதினேன். கடைசல் தூண்களைப் பற்றி நான் எழுதிய பத்தியைக் குழுத் தலைவர் உரக்கப் படித்தார். அராக்சி மாற்றுத் திட்டம் கொண்டுவர மார்ச் வரை அவகாசம் கொடுத்துக் கோப்பை மூடினோம்.

3

இதே சமயத்தில் என் மேஜையில் இன்னொரு வீடு காத்திருந்தது.

மயிலாப்பூரில் லஸ் பக்கமிருந்து சாந்தோமை நோக்கிப் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. பதினெட்டடி அகலம், நீளமோ போய்க்கொண்டே இருக்கும். வாசலில் மணி அடித்தால் கொல்லையில் இருப்பவர் வந்து திறப்பதற்குள் வந்தவர் மனம் மாறிப் போய்விடலாம். அப்பா அதை எனக்கும் சேவியர் அண்ணனுக்கும் பாதிப் பாதியாக எழுதி வைத்தார். அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரும் ஸ்டெல்லா அண்ணியும்தான் அங்கே இருக்கிறார்கள்.

அண்ணன் ஓராண்டுக்கு முன் எழுதிய கடிதம் சுருக்கமானது. ஒரு பில்டர் வந்திருக்கிறார். இடித்துவிட்டு நாலு ஃப்ளாட் கட்டுவார். கீழ்த்தளத்தில் ஒன்று அண்ணனுக்கு, மேலே ஒன்று எனக்கு. என் சம்மதம் வேண்டும். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நான் பதினோரு மாதம் கையெழுத்துப் போடவில்லை. தூதரகம் மூன்று மணி நேரக் கார்ப் பயணம் என்றேன். பிறகு ஃபோட்டோ சரியாக வரவில்லை என்றேன். அமாவாசை என்று சொல்லத் தோன்றாததற்கு நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பது மட்டுமே காரணம். அறுபது வயதுக் கொட்டகைக்குக் கொடி பிடிப்பவன், சொந்தப் பாட்டன் வீட்டைக் கடப்பாரையிடம் கொடுப்பானா என்பதே உண்மையான காரணம். ஊரைவிட்டுப் போனவனுக்கு அந்த வீட்டில் செய்ய வேறு வேலை இல்லை. அது அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புவது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். குழுவின் காலிப் படிவம் ஒன்றை எடுத்து, எங்கள் வீட்டைப் பற்றி ஞாபகத்திலிருந்தே தமிழில் நிரப்பி அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன். படித்தால் அவர் மனம் மாறும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தியிருந்தார்.

முற்றத்தில் தேக்குத் தூண்கள் எட்டு என்று எழுதியிருந்தேன். "ஆறு" என்று திருத்தியிருந்தார். கிணற்றில் இன்றும் நீர் உண்டு என்பதன் எதிரே "உப்பு". தெருவின் மிகப் பழைய வீடு என்பதன் எதிரே "எதிர்வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்". மூல அமைப்பு மாறாதது என்று நான் பெருமையோடு எழுதிய இடத்தில் மட்டும் இரண்டு வரி: "சிவப்பு சிமெண்ட் தரையை உடைத்து மொசைக் போட வைத்தது நீ. உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று அப்பாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாய்."

கட்டப்பட்ட ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அவரும் "தெரியவில்லை. பழைய பத்திரத்தில் நிலம் மட்டுமே உள்ளது" என்று எழுதியிருந்தார். மேலே வட்டமிட்டுப் பத்துக்கு நாலு. அதன் கீழே: "நேரில் வந்து அளந்து பார். பிறகு சம்மதமா இல்லையா சொல்."

4

பிப்ரவரியில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பதிமூன்று வயது மகள் நிம்மி வந்தாள். பள்ளியில் விட மாட்டேன் என்றார்கள். குடும்ப வரலாறு பற்றிக் கட்டுரை எழுதி வருவாள் என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போனேன். அவளுக்குத் தமிழ் புரியும். பேசும்போது மட்டும் உலகத்தில் எல்லோரையும் ஒருமையில் அழைப்பாள். அங்கே போய் இறங்கியதும், "பெரியம்மா, நீ ஏன் ஹால்ல தூங்குற?" என்று கேட்டாள்.

"உள் ரூம்ல ஒழுகுது கண்ணு," என்றார் அண்ணி. அவருக்கு அந்த 'நீ' பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அடுத்து என் பக்கம் திரும்பி "வாங்க தம்பி" என்றபோது, அந்த மரியாதை என்னைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தியது.

மறுநாள் காலை நூறடி டேப்பும் அட்டையும் பென்சிலுமாக வாசலில் இறங்கினேன். நிம்மி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வண்டியில் துணி தேய்ப்பவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னா சார், கார்ப்பரேஷனா? ரோடு அகலம் பண்றீங்களா?"

"இல்லீங்க. எங்க வீடு. சும்மா அளக்கறேன்."

"உங்க வூட்ட நீயே இன்னாத்துக்கு சார் அளக்கற? எங்க போய்டப் போவுது?" பிறகு அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "பங்கு பிரிக்கிறாங்க நைனா. அண்ணன் தம்பி. பாரு, ஃபாரின்லேர்ந்து டேப்போட வந்துகீறான்."

சாயங்காலத்துக்குள் தெருவில் நான்கு பேர் அண்ணனிடம் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

தூண் ஆறுதான். இரண்டை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. எங்கள் குழு பார்த்தால் மண்டியிட்டிருக்கும். சட்டம் ஒன்றைப் பென்சிலால் தட்டினேன். பென்சில் உள்ளே போயிற்று.

"பாத்து," என்றார் அண்ணன் ஈசிசேரிலிருந்து. "அது நிக்கறது பழக்கதோஷம்."

5

நான் உயரத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டிருந்ததை அண்ணி கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அளந்துட்டீங்களா தம்பி?"

"ஏறக்குறைய முடிஞ்சுது அண்ணி."

"இன்னும் ஒண்ணு இருக்கு. அந்த முனைய என் கட்டில் கால்ல வை நிம்மி. தம்பி, நீங்க டேப்ப இழுத்துக்கினே என் பின்னாடி வாங்க."

எழுந்தார். எழுவதற்கே இரண்டு கையும் ஒரு நிமிடமும் தேவைப்பட்டன. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக அண்ணனின் பழைய கடிதம் ஒன்றில் படித்திருந்தேன். கடிதத்தில் அது ஒரு வரி. ஹாலிலிருந்து ஒரு படி இறங்கினார். முற்றத்தைச் சுவர் பிடித்துக் கடந்தார். ஒரு படி ஏறி அடுக்களை வழியாக, மறுபடி இரண்டு படி இறங்கிக் கிணற்றடி. அதையும் தாண்டிக் கொல்லைக் கடைசியில் தகரக் கதவு போட்ட கழிப்பறை. கதவைத் தொட்டு நின்றார்.

"எவ்ளோ?"

"தொண்ணூத்தேழு அடி."

"எழுதிக்கோங்க. போறதுக்கு மட்டும். வர்றதுக்கும் அதேதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "மழையில குடையையும் புடிச்சுக்கணும், செவுத்தையும் புடிச்சுக்கணும். ஐப்பசியில குடைய விட்டிருந்தா பரவால்ல. செவுத்த விட்டுட்டேன்."

"விழுந்தீங்களா?"

"முத்தத்துலதான். மொசைக்கில தண்ணி நின்னா கண்ணாடி மாதிரி ஆயிடுது. மணிக்கட்டு ஒடஞ்சுது. மாவுக்கட்டு எடுத்து ஒரு மாசம்தான் ஆவுது."

அண்ணனைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

"எனக்கு ஏன் யாரும் எழுதல?"

"எழுதினா இன்னொரு படிவம் அனுப்புவே," என்றது செய்தித்தாள்.

எங்கள் படிவத்தில் தூணுக்குக் கட்டம் உண்டு, ஜன்னலுக்கு உண்டு, கூரைச் சரிவுக்கு உண்டு. படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: தொண்ணூற்றேழு, நான்கு படி, ஈர மொசைக். மொசைக் போட்டவர் யார் என்ற விவரம் ஏற்கெனவே சிவப்பு மையில் பதிவாகியிருந்தது.

திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். இந்திய முகவரி கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கொடுக்கவிருந்த வீட்டின் முகவரியையே கொடுத்தேன். எனக்கு வேறு இருக்கவில்லை.

6

வீடு காலி செய்யும் வேலை தொடங்கியது. ஹாலின் பெரிய உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையே குருத்தோலைச் சிலுவைகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டில் வைப்பது எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் உள்ளது. அடுத்த ஆண்டு அதைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் திருப்பிக் கொடுத்ததில்லை. புதுமனை புகுந்த ஆண்டு தாத்தா முதல் ஓலையைச் செருகினார், பிறகு அப்பா. வருஷத்துக்கு ஒன்று. ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டால், அந்த உயரத்துக்கு ஏறி எடுப்பது யார் என்பார் அப்பா. செருகும்போது மட்டும் ஏறினீர்களே என்று யாரும் கேட்கவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த குழு உறுப்பினர் துள்ளி எழுந்தார். வருஷத்துக்கு ஒன்று என்றால், எண்ணிப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடுமே. முப்பத்தாறு வருஷமாக அதன் கீழே படுத்து விட்டத்தைப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

நிம்மி ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பழையவை புகையேறிக் கறுத்துப் பீடிபோல் சுருண்டிருந்தன. நான் அண்ணியின் முறத்தில் அடுக்கினேன்.

"எண்பத்து மூணு," என்றாள் நிம்மி, தலையில் ஒட்டடையோடு.

எண்பத்து மூன்று. எங்கள் பள்ளத்தாக்கின் நகரமன்றமே அதற்குப் பிறகு பிறந்ததுதான். பேனாவைத் திறந்தேன்.

"அதுல பன்னெண்டு கழிச்சுக்கோங்க," என்றார் அண்ணி, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே.

"ஏன் அண்ணி?"

"அது உங்களுது."

நான் விழித்ததைப் பார்த்து விளக்கினார். "நீங்க போன வருஷத்துலேர்ந்து மாமா ரெண்டா வாங்கிட்டு வருவாரு. 'அவனுக்கு அங்க கெடைக்குதோ இல்லையோ, இங்க ஒண்ணு இருக்கட்டும்'னாரு. அவர் போனப்புறம் நான் வைக்கிறேன். சாமியாரே கேட்டாரு, ஒனக்கு எதுக்கு ரெண்டுன்னு."

நான் இருக்கும் தெருவில் இரு மருங்கிலும் பனை வகை மரங்கள்தான் வரிசை கட்டி நிற்கின்றன. ஓலையை வெட்டிப் போட நகரமன்றம் ஆள் அனுப்புகிறது. குருத்தோலை ஞாயிறு எந்த மாதம் வரும் என்பது மட்டும் எனக்கு மறந்து பல ஆண்டுகளாகிவிட்டது.

நிம்மி ஏணியிலிருந்து என்னையே பார்த்தாள். "அப்பா, இதுல எது உன்னுது?"

பார்த்தால் தெரியவில்லை. எல்லாம் ஓலைதான்.

"அப்ப எழுபத்தொண்ணுன்னு போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எலி எத்தன தின்னுதோ," என்றார் அண்ணன். "தெரியலன்னே போடு. அதான் சரியான விடை."

சாம்பல் புதன் அந்த வாரமே வந்தது. முறத்தில் இருந்ததை அண்ணி ஒரு துணிப்பையில் கட்டி, கோயிலில் சேர்க்கச் சொன்னார். ஒரு பத்து ஓலையையாவது அமெரிக்காவுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன்.

"எதுக்கு?"

பாதுகாக்க என்று சொல்ல வாய் வரவில்லை. எழுபது வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருந்த கடனைப் போல் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் பைக்குள் பார்த்துவிட்டு, "இது ஒரு வீட்டுதா?" என்றார்.

புதன் காலை வரிசையில் நின்றோம். என் நெற்றியில், அண்ணன் நெற்றியில், அண்ணி, நிம்மி நெற்றியில், பூ விற்பவர், பள்ளிப் பிள்ளைகள் என்று பங்குக் கோயிலுக்கு வந்த எல்லோர் நெற்றியிலும் எங்கள் உத்தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நிம்மி அன்று முகம் கழுவ மறுத்துவிட்டாள். கட்டுரைக்கு வேண்டுமாம்.

7

மார்ச் இரண்டாவது செவ்வாய். திருமதி அராக்சி மாற்றுத் திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. பழைய விண்ணப்பத்தையே மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் என் மூன்று பக்க அறிக்கையைப் பாராட்டிவிட்டு, சேர்க்க ஏதாவது உண்டா என்றார்.

"ஒரு கேள்வி உண்டு," என்றேன். "அம்மா, உங்கள் கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி?"

அரங்கில் யாரோ இருமினார்கள். அராக்சி மடியிலிருந்த விண்ணப்பத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"அடி தெரியாது. பதினேழு படி. நான் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஒன்பதாவதின் பெயரை இங்கே சொல்லக் கூடாது."

என் அறிக்கையை நானே திரும்பப் பெற்றேன். தூண்களைத் தொடாமல் உள்பக்கமாக அடைக்கலாம், பின்னால் எவருக்கும் தேவையில்லை என்றால் சுவரைக் கழற்றிக்கொள்ளலாம் என்று பென்சிலால் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினேன். நாலுக்கு மூன்று. தோற்ற மூன்று பேரும் கடைசல் தூண்களைப் பற்றிய என் பத்தியையே மேற்கோள் காட்டினார்கள்.

8

ஏப்ரல் கடைசியில் அண்ணியின் கடிதம் வந்தது. வீடு இடித்தாயிற்று. ஃப்ளாட் முடியும்வரை மந்தைவெளியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கடிதத்தைச் சமையலறையில் நிம்மிக்கு உரக்கப் படித்தேன்.

"இங்கே எல்லாம் கிட்டக்கவே இருக்கிறது. நீங்கள் கேட்பீர்கள் என்று உங்கள் அண்ணன் அளந்துவிட்டார். ஒன்பது அடி. படி இல்லை. ஒரு குறைதான். இந்த வீட்டில் உத்தரமே கிடையாது, வழவழவென்று சிமெண்ட் கூரை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்து ஓலையை எங்கே செருகுவது என்று தேடினேன். கடைசியில் மெயின் ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் இடம் இருந்தது. மூன்று வைத்திருக்கிறேன்."

"மூணா?" என்றேன். "எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. கணக்கு உதைக்குதே."

"நான் கேட்டேன்," என்றாள் நிம்மி, தலையை நிமிர்த்தாமல். "எனக்கும் ஒண்ணு வைன்னு."